கடன் பதிவும் கணக்கு உரிமையும்

யாழ்ப்பாணத்துச் சந்தைகளிலே ஒரு சொல் இப்பொழுது பெரிதும் அடிபடுகிறது. "அவருக்குக் கிறிப்பிலே பேர் விழுந்திட்டுது" என்கிறார்கள். தீராத நோய் கண்டவரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவது போல, இதைச் சொல்லும்போதும் குரலைத் தாழ்த்துகிறார்கள். சுன்னாகத்திலே வெங்காயம் கட்டுபவருக்கும், திருநெல்வேலியிலே மரக்கறி விற்பவருக்கும், குருநகரிலே மீன் எடுப்பவருக்கும் தெரிந்த சொல் இது. கிறிப் என்பது கொழும்பிலுள்ள இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் என்பதை அவர்களுட் பலர் அறியார். அது தம்மை என்ன செய்யும் என்பதை மட்டும் நன்கு அறிவர்.

வடமராட்சியிலே மிளகாய்த்தூளும் அரிசிமாவும் ஒடியல்மாவும் பொதிசெய்து கடைகளுக்குக் கொடுத்துச் சீவிக்கும் பெண்ணொருவரை நாம் அறிவோம். கணவர் இல்லை, பிள்ளைகள் இருவர். வீட்டோடு சேர்ந்த கொட்டிலிலே ஓர் அரைக்கும் இயந்திரம். அதுவே குடும்பத்தின் முதல். செத்தல் மிளகாயை மூடைக்கணக்கில் தரும் மொத்த வியாபாரி பல வருடங்களாக அவருடைய கொடுக்கல் வாங்கலைக் கண்டவர். முப்பது நாள் தவணையிலே சரக்குத் தர அவர் இணங்கினார். ஒரே ஒரு நிபந்தனை: தவணைத் திகதியிட்டு ஒரு காசோலை தரவேண்டும். காசோலை எழுத வேண்டுமாயின் வங்கியிலே நடைமுறைக் கணக்கு இருக்க வேண்டும். அடையாள அட்டையையும் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண் ஒரு வங்கிக்குப் போனார். அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் மரியாதையாகவே பேசினார்.

"அக்கா, உங்கட பேரிலே கிறிப்பிலே ஒரு நிலுவை நிக்குது. சேமிப்புக் கணக்கெண்டால் இப்பவே திறக்கலாம். செக் புத்தகத்தோட கணக்குத் தர மேலிடம் விடாது."

"நான் ஒரு சதமும் கடன் எடுக்கேல்லைத் தம்பி."

"பிணைக்குக் கையெழுத்து வைச்சிருக்கிறியள், அக்கா."

ஆம், வைத்திருந்தார். அயல்வீட்டுப் பெண் ஒருத்தி நிதி நிறுவனமொன்றிலே கடன் எடுத்தபோது, ஒழுங்கையிலுள்ள பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றார்கள். அந்த அயலாள் பல தவணைகளைக் கட்டினாள். பின்னர் கட்ட முடியவில்லை. ஊரை விட்டுப் போனாள். அவளுடைய நிலுவை இவருடைய பெயரின் மேல் ஏறி நின்றது. அது அங்கே நிற்பதை இவருக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. கணக்குத் திறக்கப் போன அன்றுதான் அறிந்தார்.

அந்த உத்தியோகத்தரை நாம் குறைகூற வரவில்லை. தமக்கிடப்பட்ட கட்டளையை அவர் நிறைவேற்றினார். கடன் எடுத்த அயலாளையும் குறைகூற வரவில்லை. அநீதி இவர்கள் இருவருக்கும் அப்பால், ஓர் ஒழுங்குமுறையிலே இருக்கிறது. அதை விளக்குவதும், மாற்றக் கோருவதுமே எமது நோக்கம்.

முதலிலே அந்தப் பணியகத்துக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினால் அது அமைக்கப்பட்டது. மத்திய வங்கியும் கடன் வழங்கும் நிறுவனங்களும் அதன் பங்காளிகள். எவர் எவரிடம் எவ்வளவு கடன் பெற்றார், தவணை தவறாமற் கட்டினாரா, யாருக்குப் பிணை நின்றார், அவருடைய காசோலைகள் பணமின்றித் திரும்பினவா என்னும் விபரங்களை அங்கத்துவ நிறுவனங்கள் அதற்கு அனுப்புகின்றன. தேவைப்படும்போது அவையே அதனிடம் கேட்டுப் பெறுகின்றன. ஒரே காணியைக் காட்டி ஐந்து வங்கிகளிலே கடன் பெற்று ஐந்தையும் ஏமாற்றுவோர் உள்ள நாட்டிலே இத்தகைய ஏடு வேண்டியதே. வங்கியில் இருப்பது பொதுமக்களின் வைப்புப் பணம். அதைக் காப்பது மக்களைக் காப்பதாகும். நல்லபடி கட்டியவரின் நல்வரலாறும் அந்த ஏட்டிலே ஏறுகிறது என்பதையும் நாம் மறைக்கவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய முறை பொற்காலமாய் இருந்ததில்லை. முன்னர் ஒரு வங்கியிலே நடைமுறைக் கணக்குத் திறப்பதற்கு, ஏற்கனவே அங்கே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகம் செய்து கையொப்பமிட வேண்டும். அந்த ஒருவர் யார்? பெருங்கடை முதலாளி, சட்டத்தரணி, ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், காணிக்காரர். அவருடைய வாசலிலே ஏறக்கூடியவருக்கே அறிமுகம் கிடைக்கும். சாதியின் பேரால் வாசற்படிக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கு வங்கியின் வாசலும் அத்துடன் அடைபட்டது. கிறிப் சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் கேட்கிறது. அவ்வளவில் அது ஒரு முன்னேற்றமே. பழைய அறிமுகக் கடிதத்துக்குத் திரும்புவோம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், ஒரு வாசல் திறந்த இடத்திலே இன்னொரு வாசலைச் சாத்துவதை நாம் ஏற்கமாட்டோம்.

இனி விடயத்துக்கு வருவோம். நடைமுறைக் கணக்கு என்பது கடனா? வங்கிகள் அதைக் கடனைப் போல நடத்துகின்றன. ஆகையாலேதான் கடன் அறிக்கையைப் புரட்டுகின்றன. உண்மையிலே மேலதிகப் பற்று வசதி கொடுக்கப்படாத ஒரு நடைமுறைக் கணக்கிலே வங்கி தன் பணத்திலே ஒரு சதத்தையும் ஒருவருக்குக் கொடுப்பதில்லை. கணக்கிலே பணம் இருந்தால் காசோலைக்குப் பணம் கொடுக்கும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பும். அந்தப் பெண்ணுக்குக் கடன் கொடுத்தவர் யார்? முப்பது நாள் தவணை கொடுத்த மொத்த வியாபாரி. நட்டம் வந்தால் அது அவருடைய நட்டம். அவரோ பெண்ணை அறிந்தவர், நம்பிக்கை வைத்தவர். கடன் கொடுப்பவர் நம்புகிறார். கடன் கொடுக்காத வங்கி நம்பிக்கையில்லை என்கிறது! இந்த விநோதத்தை வங்கித் தொழிலின் எந்த விதியால் விளக்குவது?

"காசோலையின் மேலுள்ள பொது நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டாமா? பணமில்லாக் காசோலைகள் சந்தையைக் கெடுக்காவா?" என்று வங்கியார் கேட்பர். கெடுக்கும், நாம் மறுக்கவில்லை. கணக்கிலே பணமில்லை என்று அறிந்துகொண்டே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். முன்னர் காசோலைகள் திரும்பிய வரலாறு உள்ளவருக்குக் காசோலைப் புத்தகம் கொடுக்கத் தயங்குவது நியாயம். இவரோ வாழ்நாளில் ஒரு காசோலையும் எழுதியவரல்லர். எழுதாத காசோலை எப்படித் திரும்பும்? ஒருவர் செய்யாத குற்றத்துக்கு, வேறொருவர் கட்டாத தவணையைச் சாட்சியாகக் கொண்டு, தீர்ப்பு வழங்கப்படுகிறது.

"இக்காலத்திலே காசோலை எதற்கு? கைத்தொலைபேசியிலே ஒரு நொடியில் பணம் அனுப்பலாமே" என்று சொல்வோரும் உளர். அவர்கள் சந்தையை அறியாதவர்கள். கைத்தொலைபேசியிலே அனுப்பும் பணம் கையிலே இருக்க வேண்டும். காசோலையோ பணம் கொடுக்கும் கருவியாக இருப்பதோடு தவணை பெறும் கருவியாகவும் இருக்கிறது. இன்று சரக்கு, முப்பதாம் நாள் பணம். அந்த முப்பது நாளிலே அரைத்து, பொதிசெய்து, விற்று, காசு திரும்பும். முதலில்லாத சிறு உற்பத்தியாளனுக்கு அந்த முப்பது நாளே முதல். அதைப் பறித்தால் அவன் எங்கே போவான்? நாள்வட்டிக்காரனிடம் போவான். பழைய கடன் பதிவைக் கண்டு ஒருவரை வங்கி தள்ளிவிடும்போது, அவரைப் புதிய கடனுக்குள்ளே தள்ளிவிடுகிறது. அந்த நாள்வட்டிக்காரன் எந்தப் பணியகத்திலும் அங்கத்தவனல்லன். அவன் வாங்கும் வட்டியும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இந்த ஏட்டின் நினைவு எத்தகையது என்பதையும் ஆராய வேண்டும். அது பிறந்த 1990ஆம் ஆண்டு எமக்கு எத்தகைய ஆண்டு? அவ்வாண்டு யூன் மாதத்திலே யுத்தம் மீண்டும் மூண்டது. குடாநாடு மின்சாரத்தை இழந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டனர். சோனகத் தெருவிலே பரம்பரை பரம்பரையாகக் கடை வைத்திருந்தவர்கள் கணக்குப் புத்தகங்களையும் வரவேண்டிய கடன்களையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். நாமெல்லோரும் வெட்கத்தோடு நினைக்க வேண்டிய நாள் அது. சரியாக ஐந்து வருடங்களின் பின், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். 2006 ஓகஸ்ட் மாதத்திலே ஏ-9 பாதை மூடப்பட்டது. 2009இலே வன்னியில் நடந்தவற்றைத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

இவ்வளவு காலமும் இந்த மக்களுக்கும் வங்கிகளுக்கும் இடையே ஒழுங்கான கொடுக்கல் வாங்கல் எப்படி இருந்திருக்க முடியும்? வங்கிப் புத்தகத்தைப் பெட்டியோடு இழந்தவர் எத்தனை பேர்! அடகு வைத்த நகையின் சிட்டையை இழந்தவர் எத்தனை பேர்! ஆகவே, 2009க்குப் பின் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வடக்கிலே வரிசையாகக் கிளைகளைத் திறந்தபோது, எமது மக்களுட் பெரும்பாலோரின் ஏடு வெறுமையாக இருந்தது. அந்த வெற்றேட்டிலே முதன்முதல் எழுதப்பட்ட எழுத்து எது? நுண்கடன்.

நுண்கடனுக்கு எமது பெண்கள் எப்படி ஆளானார்கள் என்பதற்கு ஒரு காரணத்தைப் பலர் சொல்வதில்லை. வங்கியிலே குறைந்த வட்டிக்குக் கடன் பெறக் காணியை ஈடுவைக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குச் சீதனக் காணி உண்டு. ஆனால், 1911ஆம் ஆண்டின் விவாக உரிமை, வழியுரிமை பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அந்தக் காணியை அவள் ஈடுவைக்கவோ விற்கவோ முடியாது. கணவன் காணாமலாக்கப்பட்டிருந்தால்? மரணச் சான்றிதழும் இல்லை. சம்மதக் கையொப்பமும் இல்லை. நீதிமன்றத்தின் படியேறி அனுமதி கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதற்குப் பணமும் நாளும் யார் தருவது? சொந்தக் காணியிலே குடியிருந்துகொண்டே காணியில்லாதவளாகி, ஈடு கேட்காத குழுக்கடனின் முன்னே போய் நிற்க வேண்டியவளானாள். அங்கே ஈடாக வைக்கப்பட்டது அவளுடைய மானமும், அயலாளின் கையெழுத்தும்.

அந்தக் கடனின் தன்மை இரகசியமானதன்று. 2018 செப்ரெம்பரிலே இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடனின் மிதமிஞ்சிய வட்டியையும் வசூலிக்க வருவோரின் துன்புறுத்தலையும் உலகறியச் சொன்னார். அதே ஆண்டிலே அரசாங்கமே, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தைக் கொண்டுவந்தது. யாழ்ப்பாணமும் அவற்றுள் ஒன்று. டிசெம்பரிலே மத்திய வங்கி, தன் உரிமம் பெற்ற நிதி நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு வருடத்துக்கு நூற்றுக்கு 35 என உச்சவரம்பு விதித்தது. நூற்றுக்கு முப்பத்தைந்து என்பதே கட்டுப்பாடு என்றால், கட்டுப்பாடு வருமுன் இருந்த நிலையை வாசகரே எண்ணிக்கொள்ளலாம். 2021 மார்ச் 8ஆம் திகதி, சர்வதேச மகளிர் தினத்தன்று, பொலநறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே சிங்களப் பெண்கள் இக்கடன்களுக்கெதிராகச் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். வடமராட்சிப் பெண்ணின் துயரும் ஹிங்குராக்கொடைப் பெண்ணின் துயரும் ஒன்றே. இருவருடைய பெயரும் ஒரே ஏட்டிலே கிடக்கின்றன.

அரசாங்கம் அநீதி என்று ஒப்புக்கொண்ட கடனின் நிலுவை, வங்கியின் மேசையிலே மட்டும் ஏன் நீதியான சாட்சியாக மதிக்கப்படுகிறது? மிதமிஞ்சியது என்று கட்டுப்படுத்தப்பட்ட வட்டியைக் கட்டமுடியாது போனதைக் கொண்டு, ஒரு பெண் நாணயமற்றவள் என்று எப்படி முடிவு செய்யலாம்? நூற்றுக்கு எழுபது வட்டியிலே எவனும் தவறுவான். அங்கே தவறுவது மனிதரின் ஒழுக்கத்தை அளக்கும் அளவுகோலாகாது. கடனின் கொடுமையை அளக்கும் அளவுகோலாகும்.

ஏடு எதைக் காண்கிறது என்பதோடு, எதைக் காணவில்லை என்பதையும் கேட்க வேண்டும். மாதந்தவறாமல் இருபது வருடம் சீட்டுக் கட்டி, ஒருமுறையும் தவறாத பெண்ணின் வரலாறு அதில் இல்லை. கடைக்காரரின் கொப்பியிலே எழுதி மாதமுடிவிலே தீர்க்கும் குடும்பத்தின் நாணயம் அதில் இல்லை. ஊரிலுள்ள சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திலே கடன் பெற்று ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவரின் நற்பெயருக்கு வங்கியின் மேசையிலே மதிப்பில்லை. மூளாயிலே கூட்டுறவு முறையில் ஓர் ஆஸ்பத்திரியையே எழுப்பி நடத்திய குடாநாடு இது. அந்தக் கூட்டுறவின் நாணயத்தை எழுத ஒரு கட்டமும் இல்லாத பத்திரத்தை வைத்துக்கொண்டு எமது நாணயத்தை அளக்கிறார்கள். ஏழையின் நல்ல பழக்கம் பதியப்படுவதில்லை. அவனுடைய தவறு மட்டும் தவறாமற் பதியப்படுகிறது. காணாமலாக்கப்பட்ட கணவனின் பெயரை எந்தப் பதிவேட்டிலும் கண்டறிய முடியாத பெண், தன் பெயரை மட்டும் ஒரு பதிவேட்டிலே காண்கிறாள்.

இந்தக் கண்டிப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம். 2022 ஏப்பிரில் 12ஆம் திகதி இலங்கை அரசாங்கம் தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. உலகம் என்ன செய்தது? 2023 மார்ச்சிலே சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு அங்கீகாரம் அளித்தது. கடன் கொடுத்தோர் மேசையைச் சுற்றியிருந்து, தவணையை நீட்டி, வட்டியைக் குறைத்து, மறுசீரமைப்பு என்று அதற்கு ஒரு கௌரவமான பெயரும் சூட்டினார்கள். அதை நாம் எதிர்க்கவில்லை. தள்ளாடும் நாட்டுக்குத் தவணை வேண்டும். நாட்டுக்கு உரிய அந்தத் தவணை, நாட்டிலுள்ள பெண்ணுக்கு மட்டும் ஏன் உரியதில்லை?

நிதி நிறுவனங்களைப் பற்றிய அறிக்கை மக்களிடம் உண்டா? 2002இலே பிரமுக வங்கி மூடப்பட்டது. 2008இலே கோல்டன் கீ விழுந்தது. 2020இலே ஈ.ரி.ஐ. பினான்ஸ் நிறுவனத்தின் உரிமம் இரத்துச் செய்யப்பட்டது. வைப்பிட்டவர்கள் வீதியிலே நின்றார்கள். தம் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, "ஐயா, உங்கள் நிறுவனத்தின் கடந்தகால நடத்தை அறிக்கையைக் காட்டுங்கள்" என்று கேட்கும் அதிகாரம் அந்த வைப்பாளர்களுக்கு இருக்கவில்லை. நிறுவனம் மக்களை ஆராயலாம். மக்கள் நிறுவனத்தை ஆராய முடியாது. இந்த ஒருபக்கப் பார்வைக்கு நாணயம் என்று பெயரிடுவது தகுமா?

பணியகத்தைக் கேட்டால், "எம்மிடம் கறுப்புப் பட்டியல் என்று ஒன்றுமில்லை, நாம் தகவலை மட்டுமே தருகிறோம், முடிவு வங்கியினுடையது" என்கிறது. சட்டப்படி அது உண்மையே. வங்கியைக் கேட்டால், "கிறிப்பிலே இருக்கிறது, நாம் என்ன செய்யலாம்?" என்கிறது. பதிவு பிழையென்று முறையிட்டால், அந்தப் பதிவை அனுப்பிய கடன் நிறுவனத்திடமே அது விசாரிக்கப்படுகிறது. அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டாலன்றித் திருத்தம் இல்லை. வாதியே நீதிபதியாகவும் இருக்கும் வழக்கு இது. தகவல் தருபவனுக்குப் பொறுப்பில்லை. முடிவு செய்பவனுக்கும் பொறுப்பில்லை. இருவருக்கும் நடுவே நிற்கும் பெண்ணே முழுப் பொறுப்பையும் சுமக்கிறாள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய பிழையான தரவைத் திருத்தக் கோரும் உரிமையை எழுத்திலே தந்திருக்கிறது. எழுத்திலே உள்ள உரிமை பருத்தித்துறை வங்கிக் கிளையின் மேசைக்கு வந்துசேர வேண்டும்.

பிற நாடுகளிலே இத்தகைய ஏடுகள் இல்லையா? உண்டு. அமெரிக்காவிலே கடன் வரலாற்றுக்கு வேறாக, வங்கிக் கணக்குகளின் வரலாற்றுக்கென்றே செக்ஸ்சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் உண்டு. கணக்கிலே மேலதிகமாக எடுத்த தொகையைக் கட்டாமல் விட்டவரின் பெயர் அங்கே ஐந்து வருடம் நிற்கும். பெயர் நின்றால் காசோலைக் கணக்குத் திறப்பது கடினம். சிறு தொகைத் தவறுகளுக்காக ஏழைகள் கூட்டங்கூட்டமாக வங்கிகளுக்கு வெளியே தள்ளப்படுவதைக் கண்ட நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர், 2014, 2015ஆம் ஆண்டுகளிலே சில பெரும் வங்கிகளை அணுகி, அந்தச் சோதனை முறையைத் தளர்த்தும் உடன்பாடுகளைப் பெற்றார். முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே இது தேவைப்பட்டது.

பிரான்சு நாட்டின் முறை எமக்கு இன்னும் பயனுள்ளது. அங்கே 1984ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம் கணக்கு வைத்திருப்பதை ஓர் உரிமையாக்கியது. ஒரு வங்கி மறுத்தால் அந்நாட்டு மத்திய வங்கியிடம் முறையிடலாம். கணக்குத் திறக்க வேண்டிய வங்கியை அது குறித்துக்கொடுக்கும். 2014இலே ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அடிப்படைக் கணக்கு உரிமை என்று அது விரிந்தது. அங்கும் காசோலைப் புத்தகத்தை எல்லோருக்கும் வாரி வழங்கவில்லை. ஆனால், பணமில்லாக் காசோலை எழுதியோரின் ஏடு வேறு. கடன் தவணை தவறியோரின் ஏடு வேறு. முதலாவது ஏட்டிலே பெயர் உள்ளவருக்கே காசோலை எழுதத் தடை. அதுவும் கூடியது ஐந்து வருடம். பணத்தைக் கட்டியவுடன் தடை நீங்கும். குற்றம் எதுவோ அதற்குரிய தடை. இந்த எளிய பகுத்தறிவையே நாம் இங்கே கேட்கிறோம்.

இலங்கையிலே இது முடியாத காரியமா? 2020இலே கொரோனா நோய் பரவியபோது, சலுகைக் கடன் கேட்டு வருவோரைக் கிறிப் பதிவு ஒன்றையே காரணமாகக் காட்டித் தள்ளிவிடக் கூடாது என்று மத்திய வங்கி நிதி நிறுவனங்களுக்குப் பணித்தது. பதிவொன்றே முழு மனிதரின் அளவாகாது என்பது மத்திய வங்கிக்குத் தெரிந்திருக்கிறது. கடன் கொடுப்பதற்கே அவ்வாறு கட்டளையிட முடியுமாயின், கடனே இல்லாத நடைமுறைக் கணக்குக்கு ஏன் கட்டளையிட முடியாது? கொள்ளை நோய்க்கு இரங்கிய சட்டம் முப்பதாண்டு யுத்தத்துக்கு இரங்காதா?

ஆகவே நாம் கோருவன இவை. மேலதிகப் பற்று இல்லாத நடைமுறைக் கணக்கைக் கடனாகக் கொண்டு மறுத்தல் கூடாது. காசோலை திரும்பிய வரலாறு இருந்தாலன்றி, குறைந்த தாள்களைக் கொண்ட காசோலைப் புத்தகமாவது வழங்கப்பட வேண்டும். பிணை நின்றவரின் பதிவைத் தவணை தவறியவரின் பதிவாக எண்ணுதல் ஒழிய வேண்டும். பிணையாளரின் பெயரிலே நிலுவை ஏற்றப்படும் அன்றே அவருக்கு எழுத்திலே அறிவிக்க வேண்டும். தள்ளுபடி செய்யப்பட்ட கடன்களும் கட்டித் தீர்க்கப்பட்ட கடன்களும் கணக்குத் திறப்பதற்குத் தடையாக நிற்கக் கூடாது. கணக்கு மறுக்கப்படின், அதற்கான காரணம், எந்த நிறுவனம் அனுப்பிய எந்தப் பதிவு, எங்கே முறையிடலாம் என்பன தமிழிலே எழுதித் தரப்பட வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களிலே ஒழுங்காகக் கட்டியவரின் சான்று வங்கியிலே ஏற்கப்பட வேண்டும்.

இவற்றிலே புரட்சிகரமானது எதுவுமில்லை என்று எமது நண்பர் சிலர் குறைபடலாம். உண்மைதான். வட்டிக்கு விடுவோரின் உலகம் இந்தக் கோரிக்கைகளால் கவிழ்ந்துவிடாது. ஆயினும், நாளைய மாற்றத்தைப் பற்றிப் பேசும் நாம், இன்று ஒரு பெண் ஒரு மூடை மிளகாயைத் தவணைக்கு வாங்க வழிசெய்யாவிட்டால், எமது பேச்சுக்கு அவள் ஏன் செவிகொடுக்க வேண்டும்? கூட்டுறவுச் சங்கங்களும், மாதர் சங்கங்களும், கடற்றொழிலாளர் சங்கங்களும், வர்த்தகர் சங்கங்களும் இதைத் தம் கூட்டங்களிலே எடுத்துப் பேச வேண்டும். ஒவ்வொருவரும் தம் பெயரிலுள்ள அறிக்கையைக் கேட்டுப் பெற்று வாசிக்க வேண்டும். அதற்கு உரிமை உண்டு. வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டியது படித்தவர்களின் கடன். இதுவும் கட்டித் தீர்க்க வேண்டிய கடனே; எந்தப் பணியகமும் இதைப் பதிந்து வைக்கவில்லை என்பதற்காக நாம் தவணை தவறலாகாது.

அந்த வடமராட்சிப் பெண் இப்பொழுது மிளகாயைக் கைக்காசுக்குப் பத்துக் கிலோ, பதினைந்து கிலோவாகச் சில்லறை விலையிலே வாங்குகிறார். மூடை விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையேயுள்ள வித்தியாசமே அவருக்கு மிஞ்ச வேண்டிய இலாபம். அது மிஞ்சுவதில்லை. இயந்திரம் வாரத்திலே மூன்று நாள் ஓய்ந்திருக்கிறது. அயலாளுக்குக் கையெழுத்து வைத்ததற்காக வருந்துகிறீர்களா என்று கேட்டோம். "வேற என்ன செய்யிறது? அவளுக்கு நான் வைக்காட்டி ஆர் வைக்கிறது?" என்றார்.

இந்த மறுமொழியைக் கறுப்புப் புள்ளியாக எழுதி வைத்திருக்கும் ஏடு திருத்தப்பட வேண்டியது.